தேய்ந்த வெள்ளியும் நியூட்டனின் தராசும்

காசின் விளிம்பில் இருக்கும் வரிவரியான கீற்றுகளைக் கண்டுபிடித்தவர் ஐசக் நியூட்டன் என்றொரு துணுக்கு அவ்வப்போது சுற்றுக்கு வரும். படிக்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. இங்கிலாந்தில் விளிம்பு கட்டிய காசு 1662-லேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. அந்த வித்தையைக் கொண்டுவந்தவர் பியேர் பிளோந்தோ என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது நியூட்டனுக்கு வயது 19, கேம்பிரிட்ஜில் மாணவர். 34 ஆண்டு கழித்து லண்டன் தங்கசாலைக்கு அதிகாரியாகப் போனபோது அவர் செய்ய வேண்டியிருந்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த விளிம்பு வித்தையை யாரிடமும் வெளியிட மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தது. கண்டுபிடித்தவர் அல்ல, காவல்காரர்.

சென்னையில் தங்கசாலைத் தெரு தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அரசு காசு அடிக்கும் இடம். லண்டனில் அது தேம்ஸ் கரைக் கோட்டையான டவருக்குள், உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் நடுவில் இருந்த குறுகலான சந்தில் இயங்கியது. நியூட்டன் 1696-ல் அங்கே காப்பாளராகச் சேர்ந்தார். 1699 முடிவில் தலைமை அதிகாரியானார். 1727-ல் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். ஈர்ப்பு விதியை எழுதிய புத்தகம் வந்தது 1687-ல். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த 40 ஆண்டுகளில் 31 ஆண்டுகள் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் எடை பார்ப்பதில் போயின.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் நிதியமைச்சராக இருந்த நண்பர் சார்லஸ் மாண்டகு. ஆண்டுக்கு 500, 600 பவுண்டு வரும், நேரம் இருக்கும்போது வந்து பார்த்தால் போதும் என்ற பொருளில் மார்ச் 1696-ல் கடிதம் எழுதினார். புகழ்பெற்ற அறிஞருக்குக் கொடுக்கும் மரியாதைச் சம்பளம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நாடே காசில்லாமல் திணறிக்கொண்டிருந்த ஆண்டு அது.

வெட்டுக்காசு

1662-க்கு முன்பு காசு அடித்தது சுத்தியலால். வெள்ளித் தகட்டைக் கத்திரியால் துண்டு துண்டாக நறுக்குவார்கள். கீழச்சு மரக்கட்டையில் ஊன்றியிருக்கும். அதன்மேல் துண்டை வைத்து, மேலச்சைக் கையால் பிடித்து ஓங்கி அடிப்பார்கள். வட்டம் ஒருபோதும் சரியாக வராது, முத்திரை நடுவில் விழாது. ஓரத்தில் ஒரு சீவல் போனால் அது கொல்லன் விட்ட குறையா, திருடன் எடுத்த கூலியா என்று சொல்ல முடியாது.

வெட்டுபவர்களுக்கு இது போதும். கணக்கு எளிது. ஒரு ட்ராய் ராத்தல் வெள்ளியில், அதாவது 12 அவுன்ஸ், நம் கணக்கில் சுமார் 373 கிராமில், 62 ஷில்லிங் அடிக்க வேண்டும் என்பது சட்டம். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.) ஒரு ஷில்லிங் 6 கிராம். பத்து ஷில்லிங்கில் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் ஒரு ஷில்லிங்குக்கான வெள்ளி கையில் நிற்கும். சீவிய பத்தும் கடையில் பத்தாகவே போகும். கத்திரி, அரம், உலோகம் உருக்க ஒரு மூசை இருந்தால் தொழில் நடக்கும். இதைவிடச் சத்தமில்லாத வழியும் உண்டு: காசுகளைத் தோல் பையில் போட்டு நெடுநேரம் குலுக்கினால் பையின் அடியில் வெள்ளித்தூள் சேரும்.

பிளோந்தோவின் இயந்திரக் காசு இதற்குத்தான் மருந்தாக வந்தது. பெரிய காசுகளின் விளிம்பில் லத்தீன் எழுத்து ஓடியது: டெகுஸ் எட் டுட்டாமென். அணியும் காவலும் என்று பொருள். சிறிய காசுகளுக்குக் கீற்று. ஓரத்தில் கை வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அரசு ஒரு பெரிய தப்பைச் செய்தது. புதுக் காசை வெளியிட்டதே தவிர, பழைய சுத்தியல் காசைத் திரும்பப் பெறவில்லை. இரண்டும் ஒரே மதிப்பில் புழங்கின. முழு எடையுள்ள காசும் பாதி தேய்ந்த காசும் கடையில் ஒரே பொருளைத்தான் வாங்கும் என்றால் நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்? புதுக்காசு பெட்டிக்குள் போனது, அங்கிருந்து மூசைக்குப் போனது. வெளியே தேய்ந்தது மட்டும் மிஞ்சியது.

எவ்வளவு தேய்ந்தது என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. கருவூலச் செயலர் வில்லியம் லவுண்ட்ஸ் 1695 கோடையில் கருவூலத்துக்கு வந்த 57,200 பவுண்டு வெள்ளிக் காசை நிறுத்துப் பார்த்தார். சட்டப்படி இருந்திருக்க வேண்டிய எடை 2,21,418 அவுன்ஸ். இருந்தது 1,13,771 அவுன்ஸ். நூற்றுக்கு 52 பங்குகூட இல்லை. தேய்ந்த வெள்ளியை யாரும் நம்பாததால் கினி என்ற தங்கக் காசின் விலை ஏறியது. 20 ஷில்லிங்குக்கு அடித்த காசு 1695-ல் 30 ஷில்லிங்கைத் தொட்டது. பிரான்ஸுடன் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. படைக்குச் சம்பளம் அனுப்ப வேண்டும், கையில் இருப்பது சீவல் காசு.

என்ன செய்யலாம் என்று பல அறிஞர்களிடம் யோசனை கேட்டார்கள். காசின் பெயர் மதிப்பை உயர்த்திவிடுங்கள், அதாவது ஒரு ஷில்லிங்கில் இருக்க வேண்டிய வெள்ளியைக் குறைத்து ஏற்கெனவே நடந்துவிட்டதை ஒப்புக்கொள்ளுங்கள் என்றார் லவுண்ட்ஸ். நியூட்டன் சொன்ன யோசனையும் அதே திசைதான். தத்துவவாதி ஜான் லாக் மறுத்தார்: ஷில்லிங் என்பது இவ்வளவு வெள்ளி, அதைக் குறைத்தால் கடன் கொடுத்தவனை அரசே ஏமாற்றியதாகும். நாடாளுமன்றம் லாக் பக்கம் சாய்ந்தது. பழைய எடைக்கே புதுக்காசு என்று முடிவானது. நியூட்டன் தான் ஒப்பாத ஒரு திட்டத்தை நிறைவேற்றப் போனார் என்பது பலரும் கவனிக்காமல் விடும் விஷயம்.

திட்டத்தின் சுமை எங்கே விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். 1696 மே 4 வரை வெட்டுக்காசை வரியாகக் கட்டினால் அரசு முழு மதிப்புக்கு வாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு எடைக்கு மட்டும்தான் விலை. வரி கட்டும் அளவுக்குச் சொத்து உள்ளவன் தேய்ந்த காசை அரசின் தலையில் கட்டித் தப்பித்தான். கூலிக்காரன் கையில் இருந்தது ஒரே நாளில் பாதியாகியது. நட்டத்தை ஈடுகட்ட அரசு வீடுகளின் ஜன்னல்களை எண்ணி வரி போட்டது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த பழைய ஆங்கில வீடுகளின் பூர்வகதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

39 பேரும் 12 குதிரையும்

நியூட்டன் மே மாதத் தொடக்கத்தில் பதவியேற்றபோது தலைமை அதிகாரியாக இருந்தவர் தாமஸ் நீல் என்ற சூதாட்டப் பிரியர். கையில் பத்து வியாபாரம். காப்பாளர் பதவி சம்பிரதாயத்துக்கானது. நியூட்டன் அதைச் சம்பிரதாயமாக வைத்துக்கொள்ளவில்லை. பழைய கணக்குப் புத்தகங்களைப் படித்தார், ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கை, எவ்வளவு நேரம், எவ்வளவு கழிவு என்று எழுதி வைத்தார்.

அவர் குறித்த ஒரு கணக்கு அப்படியே கிடைக்கிறது. இரண்டு உருளை ஆலை, அவற்றில் 4 ஆள், இழுக்க 12 குதிரை, குதிரைக்கு 2 ஆள். வில்லை வெட்ட 3 பேர், தட்டையாக்க 2, எடை சரிசெய்ய 8, சூட்டில் பதப்படுத்த 1, வெளுக்க 3, விளிம்பு கட்ட 2, இரண்டு திருகு பிரஸ்ஸுக்கு 14 பேர். இந்த அணி நாளைக்கு 1,000 ராத்தல் வெள்ளியை, சுமார் 3,000 பவுண்டு பணமாக, அடித்துத் தரும்.

வேலை நடக்கும் வரிசையும் இதில் தெரிகிறது. உருக்கி வார்த்த பாளத்தைக் குதிரை சுற்றும் உருளைகளுக்கு நடுவே பலமுறை விட்டுக் காசின் கனத்துக்குத் தகடாக்குவார்கள். தகட்டிலிருந்து வட்ட வில்லை வெட்டுவார்கள். வில்லையை ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானதை அரத்தால் தேய்த்து, குறைந்ததைத் திரும்ப மூசைக்கு அனுப்புவார்கள். உருளையில் இறுகிய வெள்ளி முத்திரை ஏற்காது, அடித்தால் வெடிக்கும். அதனால் சூடாக்கி இளக்க வேண்டும். சூடாக்கினால் கறுக்கும், அதனால் வெளுக்க வேண்டும். பிறகு விளிம்பு. கடைசியில் பிரஸ்.

பிரஸ்தான் பார்ப்பவரை மிரட்டும் இடம். திருகு மேல் நீளமான இரும்புத் தண்டு, இரு முனையிலும் ஈயக் குண்டு, கயிறு பிடித்து இழுக்க ஆட்கள். அச்சுக்கு எதிரே குழியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். தண்டு சுழன்று அடித்து மேலே எழும் அந்தக் கண்நேரத்தில் அடித்த காசைச் சுண்டித் தள்ளி அடுத்த வில்லையை வைக்க வேண்டும். நிமிடத்துக்கு 50 முதல் 55 அடி, இதயத் துடிப்பைவிடச் சற்றே மெதுவாக. தாளம் தப்பினால் விரல் போகும்.

இந்தக் கணக்கை நாமே சரிபார்க்கலாம். 1,000 ராத்தல் என்றால் 62,000 ஷில்லிங். இரண்டு பிரஸ்ஸும் நிமிடத்துக்கு 50 வீதம் அடித்தால் மணிக்கு 6,000. பத்தரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரைக் கிரவுன் (2½ ஷில்லிங்) போன்ற பெரிய காசு என்றால் பாதிகூட ஆகாது. ஆக, காசு வெளிவரும் வேகத்தைத் தீர்மானித்தது பிரஸ் அல்ல. அதற்கு முன்னால் இருந்த உருக்கல், உருளை, எடை. பிரஸ்ஸை விட்டால் அதிக ஆட்கள் நின்ற இடம் எடை மேசைதான், 8 பேர். நியூட்டன் தங்கசாலையில் பிடித்த நாடி அது.

டவர் மட்டும் போதாமல் பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நாரிச், யார்க் ஆகிய 5 ஊர்களில் தற்காலிகத் தங்கசாலைகள் திறந்தார்கள். அரசர் தலைக்குக் கீழே அந்தந்த ஊரின் முதலெழுத்து இருக்கும். செஸ்டருக்கு நியூட்டன் அனுப்பிய துணைக் கணக்கதிகாரி வேறு யாருமல்ல, வால்மீனுக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி. உடன் வேலை பார்த்த எழுத்தர்களோடு ஓயாத சண்டையில் அவர் அங்கே படாதபாடு பட்டார். 1699 வாக்கில் முடிந்தபோது நாடு முழுவதும் சுமார் 68 லட்சம் பவுண்டு வெள்ளிக் காசு புதிதாக அடிக்கப்பட்டிருந்தது. செலவும் நட்டமும் சேர்ந்து சுமார் 27 லட்சம் பவுண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

திரும்பி வரும் கினி

தங்கக் காசிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு ராத்தல் 22 காரட் தங்கத்தில் 44½ கினி அடிக்க வேண்டும். 22 காரட் என்றால் நம் நகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் அதே 916. ஒரு கினி 8.4 கிராம், நம் கணக்கில் ஒரு பவுனுக்குச் சற்றே மேல். ராத்தலுக்கு 44½ என்பது சராசரி. ஒவ்வொரு காசும் அதே எடையாக இருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. சில கூடுதல், சில குறைவு. மொத்தத்தில் சரியாக வந்தால் சட்டப்படி சரி.

லண்டன் பொற்கொல்லர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். புதுக் கினிகள் பையோடு வந்ததும் ஒவ்வொன்றாக நிறுத்து, கனமானதைப் பொறுக்கி உருக்கி, கட்டியாக்கித் தங்கசாலைக்கே திரும்பக் கொடுத்துப் புதுக்காசு வாங்குவார்கள். கினி எடையில் சுமார் 129½ கிரெய்ன். ஒரு கிரெய்ன் தங்கம் சுமார் 2 பென்ஸ். ஆயிரக்கணக்கில் பொறுக்கினால் உட்கார்ந்த இடத்தில் வருமானம். தங்கசாலையில் காசு அடிக்கக் கூலி வாங்குவதில்லை, செலவு அரசுடையது. எனவே இந்த விளையாட்டுக்கு முழுச் செலவும் மக்கள் வரிப்பணம். இந்தக் காசுகளுக்குத் தங்கசாலையில் ‘மறுபடி வா கினி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

சராசரி சரியாக இருப்பது போதாது, சிதறல் குறைய வேண்டும் என்பது நியூட்டனின் தீர்வு. வில்லைகளை இன்னும் கடுமையாக நிறுத்துக் காசுக்குக் காசு வித்தியாசத்தைச் சுருக்கினார். பொறுக்க ஒன்றும் இல்லையென்றால் பொறுக்குபவன் ஓய்ந்துபோவான். இன்றைக்குத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாடு என்று நடப்பதன் அடிப்படை இதுதான்.

அவரது பிடிவாதத்துக்கு 1710-ல் ஒரு சோதனை வந்தது. அடிக்கும் காசில் மாதிரி எடுத்து ஒரு பெட்டியில் சேர்த்து வைத்து, பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்த நடுவர்கள் முன்னிலையில் திறந்து மாற்றுப் பார்ப்பது அங்கே பழைய வழக்கம். பழந்தமிழில் வண்ணக்கர் என்று சொல்லப்பட்டவர்களின் வேலை. அந்த ஆண்டு நியூட்டனின் தங்கம் மாற்றுக் குறைவு என்று தீர்ப்பு வந்தது. வேறொருவர் என்றால் அபராதம் கட்டிவிட்டுப் போயிருப்பார். இவர், நடுவர்கள் காசை ஒப்பிட்டுப் பார்த்த தகட்டையே சோதனைக்கு எடுத்தார். 1707-ல் செய்த அந்த அளவுகோல் தகடு தேவைக்கு மேல் புடம் போடப்பட்டு 22 காரட்டைத் தாண்டியிருந்தது என்று நிறுவினார். காசு சரி, அளவுகோல் தப்பு. அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டுப் பழைய 1688 தகட்டுக்கே திரும்பினார்கள். ரசவாதத்துக்காகப் பல்லாண்டு உலை முன்னால் உட்கார்ந்தவர். உலோகத்தில் அவரிடம் கை நீட்டியிருக்கக் கூடாது.

வேண்டாத வேலை

கள்ளக்காசு அடிப்பவர்களைப் பிடித்து வழக்கு நடத்துவது காப்பாளரின் பொறுப்பு. நியூட்டனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. 1696 கோடையிலேயே கருவூலத்துக்கு எழுதினார்: இது அரசு வழக்கறிஞர்கள் பார்க்க வேண்டிய வேலை, தொல்லையும் ஆபத்தும் நிறைந்தது, என்மேல் சுமத்தாதீர்கள். அவர் சொன்ன காரணம் ஒன்று கூர்மையானது. தண்டனை வாங்கிக் கொடுத்தால் தலைக்கு 40 பவுண்டு சன்மானம் என்று சட்டம் இருந்தது. அதனால் காட்டிக்கொடுப்பவன் பணத்துக்காகப் பொய் சொல்கிறான் என்று நடுவர்கள் நினைக்கிறார்கள். உண்மையான சாட்சியும் எடுபடுவதில்லை.

கருவூலம் மறுத்துவிட்டது. வேறு வழியில்லை என்று ஆனதும் இதையும் எடை மேசை போலவே நடத்தினார். லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் தனக்கு நீதிபதி அதிகாரம் வாங்கிக்கொண்டார். வாக்குமூலத்தைத் தானே பதிவு செய்யலாம். 1698 ஜூனிலிருந்து 1699 கிறிஸ்துமஸ் வரை மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகள். வண்டிக் கூலி, சாராயக் கடை, சிறைச்சாலை என்று அவர் கொடுத்த செலவுக் கணக்கு 120 பவுண்டு. மாறுவேடத்தில் மதுக்கடைகளில் ஒட்டுக்கேட்டார் என்று பலர் எழுதுவதற்கு வேர் இந்தக் கணக்குதான். கணக்கில் சாராயக் கடை இருக்கிறது, வேடம் இல்லை.

குற்றத்தின் கனத்தையும் நினைவில் வைக்க வேண்டும். காசு வெட்டுவதும் போலி அடிப்பதும் ராஜத் துரோகம். ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. 1697-ல் வந்த சட்டம் விளிம்பு கட்டும் கருவியை வைத்திருப்பதையே துரோகமாக்கியது.

அவரிடம் சிக்கியவர்களில் பெரிய ஆள் வில்லியம் சலோனர். நெசவாளி மகன். பர்மிங்காமில் ஆணி செய்யும் பட்டறையில் பழகி, லண்டனுக்கு வந்து போலி வைத்தியம், குறி சொல்லுதல் என்று பிழைத்து, பிறகு மரச்சாமானுக்கு அரக்கு பூசும் வேலை கற்றவர். முலாம் பூசும் கைவண்ணம் அங்கிருந்து வந்தது. முதலில் வெள்ளியில் பிரெஞ்சுத் தங்கக்காசு அடித்து முலாம் பூசினார், அப்புறம் கினி. வர்ணக்கறை படிந்த கந்தலில் திரிந்தவன் கொஞ்ச நாளில் கனவான் உடுப்புக்கு மாறினான் என்று நியூட்டனே ஒரு குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த வரியில் வெறுப்போடு லேசான வியப்பும் தெரிவதாக எனக்குப் படுகிறது.

சலோனரின் திறமை காசு அடிப்பதில் மட்டும் இல்லை. 1694-ல் இங்கிலாந்து வங்கி தொடங்கியதும் அதன் 100 பவுண்டு நோட்டைப் போலியாகச் செய்தார். அகப்பட்டதும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து வங்கியிடமே 200 பவுண்டு சன்மானம் வாங்கினார். 1697-ல் நாடாளுமன்றக் குழு முன்னால் போய், தங்கசாலையில் ஊழல், அச்சு வெளியே போகிறது, எனக்கு அனுமதி கொடுத்தால் போலியே அடிக்க முடியாத காசு செய்து காட்டுகிறேன் என்றார். டவருக்குள் நுழைவதுதான் நோக்கம் என்று சொல்லத் தேவையில்லை. குற்றச்சாட்டில் பாதி உண்மையும் இருந்தது: டவரிலிருந்து கினி அச்சு திருட்டுப்போய் அதை நியூட்டனே விசாரித்துக்கொண்டிருந்தார். குழு சலோனருக்குச் சாதகமாக இருந்தும் நியூட்டன் உள்ளே விடவில்லை. விளிம்பு ரகசியத்துக்குச் செய்து கொடுத்த சத்தியம் அப்போது கை கொடுத்தது.

முதல் முறை பிடித்தபோது வழக்கு நிற்கவில்லை. முக்கியச் சாட்சியான கூட்டாளி ஒருவரை சலோனர் காசு கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் தங்கசாலை தன்னைப் பழிவாங்குகிறது என்று நாடாளுமன்றத்தில் மனுவும் போட்டார். நியூட்டன் அடுத்த தடவைக்கு வேறு வழி எடுத்தார். அவசரமாகக் கைது செய்யாமல் பழைய கூட்டாளிகள், அவர்களின் மனைவிமார், அச்சு செதுக்கியவர் என்று ஒவ்வொருவரின் வாக்குமூலமாகச் சேர்த்தார். சலோனர் நியூகேட் சிறைக்குள் போனதும் பக்கத்திலிருந்த கைதிகளே நியூட்டனுக்குத் தகவல் சொன்னார்கள். கடைசியாகச் செய்த அரசு லாட்டரிச் சீட்டுப் போலியை நிறுவுவது கடினமாக இருந்தது. அதனால் ஏழாண்டுக்கு முந்தைய காசு வழக்கை எடுத்தார்.

விசாரணை 1699 மார்ச் 3. அது அழகான நீதி இல்லை. துரோக வழக்குகளில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள 1696-ல் உரிமை கொடுத்த சட்டம் காசு வழக்கை மட்டும் விலக்கி வைத்திருந்தது. சாட்சிகளில் பலர் தங்கள் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசியவர்கள். தீர்ப்புக்குப் பின் சலோனர் நியூட்டனுக்கே எழுதினார்: உங்களைத் தவிர யாரும் என்னைக் காப்பாற்ற முடியாது, நீங்கள் காப்பாற்றாவிட்டால் என்னைக் கொன்றுவிடுவார்கள். பதில் போகவில்லை. அதே மாதம் டைபர்னில் தூக்கு.

வயதானபோதும் அவர் இளகவில்லை. 1724-ல் ஒரு கைதியின் கருணை மனு பற்றிக் கருத்துக் கேட்டபோது, தண்டனை நிறைவேறுவதே நல்லது, விட்டால் திரும்பவும் அடிப்பான், பிறருக்கும் சொல்லிக் கொடுப்பான், இவர்கள் இந்தத் தொழிலை விடுவது அபூர்வம் என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது 81. விசாரணைக் காகிதங்களைப் பெட்டி பெட்டியாக எரித்தபோது தானும் உதவியதாக, அவருடைய சகோதரியின் மகளை மணந்த ஜான் கான்டுயிட் குறித்து வைத்திருக்கிறார். எரித்தது போக மீந்த வாக்குமூலங்கள் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

கப்பலேறிய வெள்ளி

அச்சு, எடை, தூக்குமேடை எல்லாம் ஒழுங்குக்கு வந்தும் வெள்ளிக்காசு நாட்டில் தங்கவில்லை. வெட்ட முடியாத காசைத் திருடர்கள் விட்டுவிட்டார்கள், வியாபாரிகள் விடவில்லை. தங்கசாலை ஒரு அவுன்ஸ் வெள்ளிக்கு 5 ஷில்லிங் 2 பென்ஸ் கணக்கில் காசு அடித்தது. சந்தையில் விலை அதற்கு மேல். முழு எடைக்காசு என்பது விலை குறைத்துக் கட்டி வைத்த வெள்ளிப் பொட்டலம் ஆகிவிட்டது. ஆங்கிலக் காசை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. அந்நிய வெள்ளியைச் செய்யலாம். காசை உருக்கிக் கட்டியாக்கி, அந்நிய வெள்ளி என்று சத்தியம் செய்தால் கப்பலேற்றிவிடலாம். சத்தியம் செய்ய ஆள் கிடைக்காமல் இல்லை.

எங்கே போனது என்பதை நியூட்டன் 1717 செப்டம்பர் 21 தேதியிட்ட அறிக்கையில் விலைகளாலேயே காட்டினார். ஒரு ராத்தல் தங்கத்துக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் 9 அல்லது 10 ராத்தல் வெள்ளி, இந்தியாவில் 12. இங்கிலாந்திலோ 15-க்கு மேல். 12 ராத்தல் வெள்ளியை இந்தியாவில் இறக்கினால் வாங்கும் தங்கம், லண்டன் திரும்பினால் 15 ராத்தல் வெள்ளிக்குச் சமம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சென்னைக் கோட்டைக்கும் வங்காளத்துக்கும் சூரத்துக்கும் கொண்டுவந்த சரக்கில் பெரும்பங்கு வெள்ளிதான். சோழமண்டலக் கரையின் துணிக்கு இங்கிலாந்தால் மாற்றாகக் கொடுக்க முடிந்த பொருள் வேறு அதிகம் இல்லை.

அப்போது கினி 21½ ஷில்லிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஐரோப்பிய விலையோடு ஒப்பிட்டால் அதன் மதிப்பு 20 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கணக்கிட்டார் நியூட்டன். 10 அல்லது 12 பென்ஸ் குறைத்தால்தான் ஐரோப்பாவுக்குப் போகும் வெள்ளியாவது நிற்கும். முதலில் 6 பென்ஸ் குறைத்துப் பார்க்கலாம் என்றார். அரசு 6 பென்ஸைக் குறைத்து 21 ஷில்லிங் என்று டிசம்பரில் அறிவித்தது. அதோடு நிறுத்திக்கொண்டது. மீதி நாலைந்து பென்ஸ் வித்தியாசம் அப்படியே இருந்தது, வெள்ளி அதன் வழியே ஒழுகிக்கொண்டே இருந்தது. புழக்கத்தில் தங்கம் நின்றது. யாரும் திட்டமிடாமலே இங்கிலாந்து தங்கத்தின் மேல் நிற்கும் நாடானது. சட்டம் அதை ஒப்புக்கொள்ள 1816 ஆயிற்று.

21 ஷில்லிங் கினி, ராத்தலுக்கு 44½ என்று பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு அவுன்ஸ் 22 காரட் தங்கத்துக்கு 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்ஸ் வரும். போர்க்காலங்களில் நிறுத்தி வைத்ததைத் தவிர்த்தால், அந்த விலை 1931 வரை மாறவில்லை. அதைப் பிறப்பித்தவர் மூன்றாண்டு கழித்து தென்கடல் கம்பெனிப் பங்குகளை உச்சியில் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டார். அப்படியும் இறந்தபோது சுமார் 32,000 பவுண்டு வைத்துவிட்டுப் போனார். தங்கசாலைத் தலைமை, காகிதம் எரிக்க உதவிய கான்டுயிட்டுக்கு வந்தது.